எத்தனைமணி அண்ணனும் முந்தாநாள் வலியும்

திண்டுக்கல்லில் கடந்த இருபது வருஷத்தில் யாருக்கு எப்போது வயிறு வலித்தது, யாரை எந்த நிமிஷத்தில் காய்ச்சல் தொட்டது என்கிற முழு வரலாறும் ஒரே ஒரு ஆளின் மண்டைக்குள் இருந்தது. அந்த ஆளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அவருடைய ஆதார் அட்டையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களைத்தான் கேட்க வேண்டும். எங்களுக்கெல்லாம் அவர் எத்தனைமணி அண்ணன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் இந்தப் பக்கம் என் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சொன்ன நாளுக்கு அடுத்த நாள் அடித்துத் தருவேன். அந்தப் பக்கம் அவருடைய ரத்தப் பரிசோதனைக் கூடம். நடுவில் ஒரு ஆட்டோ வந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர் இறங்கிச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடைவெளி. அதனால் பதினான்கு வருஷம் நான் அவரைப் பார்த்தேன் என்பதைவிட, அவருடைய கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டே வேலை பார்த்தேன் என்பதுதான் சரி.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சு?"

பெயர், வயது எல்லாம் அப்புறம். சீட்டில் எந்தப் பெரிய டாக்டர் என்ன எழுதியிருந்தாலும் சரி, நோவு ஆரம்பித்த நேரம் தெரியாமல் அண்ணன் ஊசி உறையைப் பிரிக்க மாட்டார். இரண்டு கையிலும் இரண்டு கடிகாரம் கட்டியிருப்பார். ஒன்று தப்பாக ஓடினால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடுமாம். இரண்டுமே தப்பாக ஓடினால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அன்றைக்குப் பொழுது சாயும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

"காலையில" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். பால் வருவதற்கு முன்னாலா பின்னாலா, குழாயில் தண்ணீர் வந்திருந்ததா, வீட்டில் என்ன வெஞ்சனம், அது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததா இறக்கியாகிவிட்டதா என்று குடைந்துகொண்டே போவார். வடமதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு பூக்காட்டு அக்கா, மல்லி எடுக்கையில் வலி கண்டது என்று சொல்ல, எத்தனையாவது பாத்தியில் என்று கேட்டார். அந்த அக்காவும் சளைக்கவில்லை. நன்றாக யோசித்து, மூன்றாவது பாத்தி முடிகிற இடம் என்றது. நாலே முக்கால் என்று எழுதிக்கொண்டார். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து வந்த ஒருவர், "ஏனுங்க, வெண்டைக்கா லோடு ஏத்தறப்பப் புடிச்சுதுங்க" என்று சொன்னதும், அந்த லாரி டிரைவரின் நம்பரை வாங்கி, போன் போட்டு, கிளம்பிய நேரத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சட்டைக் கையை மடக்கச் சொன்னார்.

ஊரில் செல்வாக்கான ஒரு மனிதர் வந்து, ரத்தம் எடுக்கிறவனுக்கு எதற்கய்யா என் நேரம் என்று சத்தம் போட்டார். அண்ணன் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, நாளிதழை விரித்து ராசிபலன் படிக்க ஆரம்பித்தார். மேஷத்தில் தொடங்கி விருச்சிகம் வரைக்கும் நிதானமாக வந்தபோது, முன்னால் இருந்தவர் இறங்கிவந்து ஒன்பதே கால் என்று முனகினார். நான் அடிக்கிற பத்திரிகைகளைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று போட்டிருந்தால், இதில் தாலி எந்த நிமிஷம் என்று எதிர்ப்பக்கத்திலிருந்தே சத்தமாகக் கேட்பார். மாப்பிள்ளையைக் கேளுங்கள் என்பேன்.

ஒருநாள் கரண்ட் இல்லாத நேரத்தில், எதற்கண்ணே இந்த வேலை, ரத்தத்தை எடுத்தோமா நம்பரைக் கொடுத்தோமா என்று இருக்கக் கூடாதா என்று வாயைக் கொடுத்தேன். அவர் சொன்னது அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது. "சி.ஆர்.பி.ன்னு எழுதுறாங்கள்ல அப்பு, அது உடம்புக்குள்ள எங்கயோ சண்டை நடக்குதுன்னு ஈரல் போடுற கடுதாசி. சண்டை ஆரம்பிச்ச ஒடனே கடுதாசி வராது. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஆகும், நல்லா ஏற அதுக்கும் மேல ஆகும். வெள்ளையணு மின்னாடியே ஓடியாந்துரும். நேரம் தெரியாம நம்பரை மட்டும் பாத்தா, அது நல்ல சேதியா, இன்னும் வந்து சேராத சேதியான்னு எப்படித் தெரியும்?" நான் பலமாகத் தலையாட்டினேன். ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. ஐந்நூறு பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிற வேலை மிச்சமிருந்தது.

இனிமேல் நான் சொல்லப்போவது என் வண்டவாளம். ஆகையால் முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் மட்டும் டாக்டரிடம் உண்மையைச் சொல்கிறீர்களா? எங்கள் வம்சத்தில் ஒருவரும் டாக்டரிடம் சரியான நாள் கணக்கைச் சொன்னதில்லை. என் அப்பா ஒருநாள் காய்ச்சலை நாலு நாள் என்பார். என் சித்தி காலையில் வந்த தலைவலியைப் போன அமாவாசையோடு சேர்த்துவிடுவார். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இப்போதுதான் ஆரம்பித்தது என்று சொன்னால், இரண்டு மாத்திரையைக் கொடுத்து, பொறுத்துப் பார்ப்போம் என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாளாக என்று சொன்னால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். இப்படி நினைத்துக்கொண்டுதான் நாங்கள் மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்த்துவந்தோம்.

பங்குனி மாதம், கல்யாண சீசன். காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வந்தபோது என் மனைவி வசந்தி அடுப்படியில் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தொப்புளைச் சுற்றி வலி என்றாள். வாயுவாக இருக்கும் என்று அவளே சொல்லி, ஓமத் தண்ணீரும் குடித்தாள். ஏழரை மணிக்கு அதை அப்படியே வாந்தி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. வசந்தி லேசில் படுக்கிறவள் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

காரணம் இருக்கிறது. என் பெரியப்பா மகனுக்குக் குடல்வால் வெடித்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான். பிழைத்துக்கொண்டான். ஆனால் வயிறு முழுக்கச் சீழ், இரண்டு ஆபரேஷன், ஒன்றரை மாதம் படுக்கை. திரும்பி வந்தபோது அவன் சட்டை அவனுக்கே பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் யார் வயிற்றைப் பிடித்தாலும் எனக்கு அப்பெண்டிஸ்தான் ஞாபகம் வரும். வசந்தியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் எங்கள் டாக்டரம்மாவின் கிளினிக்கில் நின்றேன்.

டாக்டரம்மா நல்லவர், பொறுமையானவர். எப்போதிலிருந்து வலி என்று அவர் கேட்டது வசந்தியை. பதில் சொன்னது நான். "ரெண்டு நாளா டாக்டர்." வசந்தி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், அவளிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்டார், காய்ச்சல் இல்லை என்றார். ரத்தத்தில் அணுக்கள் எண்ணிக்கை, சி.ஆர்.பி., சிறுநீர், மூன்றும் எழுதிக் கொடுத்தார். குடல்வால் வீங்கியிருந்து இரண்டு நாளும் ஆகியிருந்தால் சி.ஆர்.பி. நன்றாக ஏறியிருக்கும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

எத்தனைமணி அண்ணன் கேட்கவேண்டியதைக் கேட்டார். இரண்டு நாளாக என்றேன். அவருக்கு அது போதுமா? எந்த மணி என்றார். எனக்கிருந்த பதற்றத்தில் எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. முந்தாநாள் மத்தியானம் சரியாக இரண்டு மணி, போதுமா என்று கத்தினேன். பொய் சொல்கிறவனுக்குத்தான் நேரம் அவ்வளவு துல்லியமாக வரும் என்று இப்போது தெரிகிறது. அண்ணன் என்னையும் பார்த்தார், வசந்தியையும் பார்த்தார். அவள் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் இரண்டு மணி என்று எழுதிக்கொண்டு ஊசியை எடுத்தார். அப்போது எட்டரை.

ரிசல்ட் வந்தது. சி.ஆர்.பி. நான்கு. அது சாதாரண அளவுதான் என்று தாளிலேயே போட்டிருந்தது. வெள்ளையணு மட்டும் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. எனக்கு அந்த நான்கு மட்டும்தான் கண்ணில் பட்டது. ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டரம்மா தாளைத் திரும்பவும் பார்த்துவிட்டு, இரண்டு நாள் வலிக்கு இந்த அளவு என்றால் குடல்வாலாக இருக்க வாய்ப்புக் குறைவு, வயிற்றுக் கோளாறாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். வலி இடம் மாறினாலோ காய்ச்சல் வந்தாலோ நேரத்தைக் கடத்தாமல் வரவேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார். நான் வெளியே வந்து, பெரியப்பா மகன் ஞாபகத்தையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, பார்த்தாயா ஒன்றுமில்லை என்று வசந்தியிடம் பெருமையடித்தேன். ஏதோ என் சொந்த முயற்சியில் அந்த நான்கு வந்ததுபோல.

அன்றைக்குச் சின்னாளபட்டிக்காரர்களுக்கு ஆயிரம் பத்திரிகை கொடுத்தாக வேண்டும். வசந்தி இரண்டு வாய் இட்லியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு, வீட்டில் தனியாக இருக்கமாட்டேன் என்று அச்சகத்துக்கே வந்தாள். உள்ளே காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். நான் வேலையில் இறங்கிவிட்டேன்.

பதினொன்றரைக்கு ஒரு காரியம் நடந்தது. பதினான்கு வருஷத்தில் பகல் நேரத்தில் தன் கூடத்தைவிட்டு வெளியே கால் வைக்காத எத்தனைமணி அண்ணன், வெள்ளைக் கோட்டோடு சந்தைத் தாண்டி வந்தார். அவருக்குப் பின்னால், முழங்கையை மடக்கிப் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி ஆறேழு பேர் வரிசையாக வந்தார்கள். ஏதோ ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒருவருக்கும் விஷயம் தெரியாது. ரத்தம் எடுத்த ஆள் எழுந்து போகிறாரே என்று அவர்களும் கூடவே எழுந்து வந்துவிட்டார்கள்.

அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "அப்பு, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, முந்தாநாள் ரெண்டு மணிக்குக் கரண்ட்டு போயிருந்துச்சு. நான் வாசல்ல விசிறிக்கிட்டு நின்னேன். ஒன் வீட்டம்மா இந்தப் படியில உக்காந்து மாங்காயில உப்பு மொளகாப்பொடி தொட்டுத் தின்னுக்கிட்டிருந்துச்சு. வயித்துவலிக்காரி மாங்கா திங்க மாட்டா. இப்பச் சொல்லு, எத்தனை மணிக்கு?"

எனக்குக் காது சுட்டது. பஞ்சுக்காரர்கள் ஆறேழு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாங்காய்க்கும் வலிக்கும் என்ன சம்பந்தம் என்று ஏதோ உளறினேன். நீங்களே நான்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது வந்து மிரட்டினால் என்ன அர்த்தம் என்று எகிறினேன். அவர் என்னோடு வாதாடவே இல்லை. நேராக உள்ளே போய்ப் பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவளிடம் கேட்டார். வசந்தி கண்ணைத் திறந்தாள்.

"இன்னிக்குக் காலையில அஞ்சரைக்குண்ணே. மொத தோசை கல்லுல கிடந்துச்சு."

"அதை ஏன் தாயி டாக்டரம்மாட்டச் சொல்லல?"

"அவுக முன்னாடி இவரு பொய் சொல்றாருன்னு எப்படிண்ணே சொல்றது?"

நான் அச்சு இயந்திரத்தை நிறுத்தினேன். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் வயிற்றை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அந்தக் காகிதக் கட்டுக்குள் நானே புகுந்துகொண்டு யாராவது கயிறு போட்டுக் கட்டிவிட மாட்டார்களா என்று இருந்தது.

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். ஐந்தரைக்கு ஆரம்பித்தது, எட்டரைக்கு ரத்தம் எடுத்தது. மூன்று மணி நேர ரத்தத்தில் சி.ஆர்.பி. ஏறியிருக்காது, அந்த நான்கை வைத்து நிம்மதிப்பட முடியாது, அந்த வெள்ளையணுதான் கொஞ்சம் முன்னால் ஓடியிருக்கிறது என்றார். பிறகு எழுந்து என் பக்கம் திரும்பினார். "நான் டாக்டர் இல்ல. அப்பெண்டிஸுன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நீ போயி நேரத்தை மட்டும் திருத்திச் சொல்லு."

வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அப்போதும் எனக்கு முதலில் வந்த யோசனை, டாக்டரம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான். கொஞ்சம் தயங்கினேன். அதற்குள் பஞ்சுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர், டாக்டர்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். இன்னொருவர், தானும் இன்றைக்கு ஒருநாள் கூட்டித்தான் சொல்லியிருப்பதாக ஒப்புக்கொண்டார். அண்ணன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்ததில் அவர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். அந்தச் சமயத்தில் வசந்தி எழுந்திருக்கப் பார்த்து, வலது பக்கம் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடியாமல் அப்படியே உட்கார்ந்தாள். காலையில் தொப்புளைச் சுற்றி இருந்த வலி கீழே இறங்கிவிட்டது. அதற்கு மேல் எனக்கு மானமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இரண்டு நாள் என்றது பொய், இன்றைக்கு ஐந்தரை மணி என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படியானால் இந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே வேறு என்று மட்டும் சொன்னார். வசந்தியின் வலது அடிவயிற்றை மெதுவாக அழுத்திக் கையை எடுத்தார். எடுத்த நிமிஷத்தில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இருக்கிறதே, நகம் பதிந்துவிட்டது. பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, அறுவைச் சிகிச்சை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் வாயு நிறைந்திருந்ததால் குடல்வால் சரியாகத் தெரியவில்லை. சர்ஜன் சின்ன வயதுக்காரர், நிதானமாகப் பேசினார். அறிகுறியைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது, ஸ்கேன் உறுதியாகச் சொல்லவில்லை, காலையில் எடுத்த ரத்தம் ரொம்பச் சீக்கிரத்தில் எடுத்தது. மூன்று மணிக்கு மறுபடியும் ரத்தம் பார்ப்போம், அதுவரை பக்கத்திலேயே வைத்துக் கவனிப்போம், நடுவில் ஏதாவது மாறினால் காத்திருக்க வேண்டாம் என்றார். காலையில் பார்த்த அதே இயந்திரத்தில் பார்த்தால் ஒப்பிட வசதி என்று, எத்தனைமணி அண்ணனுக்கே சொல்லி அனுப்பினார்கள்.

பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் நான் பட்ட பாட்டை எழுத வேண்டுமானால் இந்தக் கதையைப் போடுகிற பத்திரிகைக்காரர்கள் இன்னும் நாலு பக்கம் கொடுக்க வேண்டும். பச்சைத் திரை, இரும்புக் கட்டில், சொட்டுச் சொட்டாக இறங்குகிற பாட்டில். வசந்தி அசையாமல் படுத்திருந்தாள். நர்ஸ் அரை மணிக்கு ஒருமுறை வந்து நாடி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று நான் பின்னாலேயே வராந்தா வரைக்கும் போவேன். இந்த நேரத்தில் உள்ளே அது வீங்கிக்கொண்டிருக்கிறதோ, வெடித்துவிட்டதோ, வெடித்தால் சத்தம் கேட்குமோ என்றெல்லாம் யோசித்தேன். சத்தம் கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளோ, சின்னாளபட்டிக்காரர்கள் பத்திரிகை எடுக்க வந்திருப்பார்கள், போய்க் கொடுத்துவிட்டு வாங்க என்றாள். நீங்க இன்னும் சாப்பிடல என்றாள். எனக்குத் தாங்க முடியவில்லை. டாக்டரம்மா முன்னால் சொல்ல முடியவில்லை, சரி, வெளியே வந்த பிறகாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"ரிப்போர்ட்டைப் பாத்து நீங்க அம்புட்டுச் சந்தோசப்பட்டீங்க. அதைக் கெடுக்க மனசு வரலங்க."

நான் எழுந்து போய் ஜன்னல் வழியாக வெளியே நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மனைவி கிடைத்தவன் பொய் சொல்வதற்கு இன்னும் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் இரண்டு நாற்பதுக்கே வந்துவிட்டார். ஆனால் உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று இரண்டு கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாங்கண்ணே, இருபது நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கெஞ்சினேன். மூன்று என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளலாமா என்று தோன்றியது. சரியாக மூன்றுக்கு உள்ளே வந்தார், வசந்தியிடம் எதையும் கேட்கவில்லை, ரத்தத்தை எடுத்துக்கொண்டு மொபெட்டில் பறந்தார்.

நாற்பது நிமிஷம். போனில் சொல்லியிருக்கலாம், தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கலாம். அந்த மனிதர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டுப் பொத்தான் தப்பாகப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல், படியேறி ஓடிவந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. என்னைத் தாண்டிச் சர்ஜனிடம் போனார். காலையில் நான்காக இருந்தது இப்போது நாற்பத்தாறு. வெள்ளையணு பதினாறாயிரத்தை நெருங்கியிருந்தது. சர்ஜன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம்பரை மட்டும் வைத்து வெட்டுவதில்லை என்று சொல்லி, திரும்பவும் வசந்தியின் வயிற்றில் கை வைத்தார். லேசாகத் தொட்டதற்கே வயிறு இறுகியது. இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்றார்.

கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டார். ஒன்பது நாற்பது, இரண்டு வாய் இட்லி என்றேன். என் வாழ்க்கையில் மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவரிடம் நான் முதல் தடவையிலேயே சொன்ன ஒரே கலப்படமில்லாத உண்மை அது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். ஆயிரக்கணக்கான பேர் பெயரை அச்சடித்தவனுக்குத் தன் பெயரை எழுதக் கை வரவில்லை, கோணல்மாணலாக இருந்தது.

ஐந்தே முக்காலுக்குச் சர்ஜன் வெளியே வந்தார். குடல்வால் நன்றாக வீங்கி, நுனி கறுக்க ஆரம்பித்திருந்ததாம். வெடிக்கவில்லை. காலையில் கொடுத்த மாத்திரையோடு நாளை வரைக்கும் பார்ப்போம் என்று விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றார். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு எனக்குச் சேர வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தேன், அண்ணனைக் காணோம். கூடத்தில் ஆள் காத்திருக்கும் என்று போய்விட்டதாக நர்ஸ் சொன்னார்.

மறுநாள் பதினொரு மணிக்கு வசந்தி தெளிவாகப் பேசி, இரண்டு மடக்குத் தண்ணீரும் குடித்த பிறகு, நான் சந்துக்கு வந்தேன். அச்சகத்தைத் திறக்கவில்லை. நேரே எதிர்ப்பக்கம் போனேன். வரும் வழியெல்லாம் அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக அடுக்கிவைத்திருந்தேன், அச்சுக் கோக்கிறவன் அல்லவா. அவர் முன்னால் போய் நின்றதும் ஒரு வாக்கியம்கூட வரவில்லை. கால் கிடுகிடுவென்று ஆட, இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என் விரலைப் பிடித்து, நறுக்கென்று குத்தி, ஒரு சொட்டை எடுத்து மீட்டரில் வைத்தார். நம்பர் வரும்வரை பொறுமையாக இருந்தார். "சுகர்லாம் ஒண்ணுமில்ல அப்பு. பயந்துட்ட, அம்புட்டுத்தான்."

அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்று தெரிகிறது, நிறுத்த முடியவில்லை. வழக்கமாக அவர் பஞ்சை வைத்த கையோடு, அமுக்கிப் பிடிச்சுக்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பதினான்கு வருஷமாக அந்தத் தெரு பார்த்த பழக்கம் அது. அன்றைக்கு அவரே பஞ்சை வைத்து, அவரே அமுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு சொட்டு ரத்தம் எவ்வளவு நேரம் வரும்? எப்போதோ நின்றிருக்கும். வரிசையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் என் விரலை விடவில்லை.